வண்டி எங்கே வருகிறது?

சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு போன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வரைபடத்தில் ஒரு சின்ன ஸ்கூட்டர் நகர்ந்து வருகிறது. தெருமுனைக்கு வந்ததும் அசையாமல் நின்றுவிடுகிறது. ‘இன்னும் 2 நிமிடம்’ என்று காட்டியது காட்டியபடியே இருக்கிறது. வெகுநேரம் கழித்து அந்த ஸ்கூட்டர் சட்டென்று இரண்டு தெருவைத் தாண்டிக் குதிக்கிறது. சில சமயம் வீடுகளுக்கு நடுவே, சாலையே இல்லாத இடத்திலும் ஓடுகிறது. வாடகைக் காருக்குக் காத்திருந்தவர்களுக்கும் பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கும் இது பழகிப்போன காட்சிதான்.

இருக்கும் இடத்தைச் சில மீட்டர் பிசகுக்குள் சொல்லக்கூடிய கருவி வண்டி ஓட்டுபவரின் பையிலேயே இருக்கிறது. பிறகு ஏன் இந்தத் தடுமாற்றம்?

செயற்கைக்கோளைக் குறைசொல்லிப் பயனில்லை. இடத்தைக் கண்டுபிடிப்பது இந்த வேலையில் ஒரு சிறு பகுதி. கண்டுபிடித்ததை எத்தனை நொடிக்கு ஒருமுறை அனுப்புவது, யாருக்கு அனுப்புவது, வந்த தகவலை வைத்து நிமிடத்தை எப்படிக் கணிப்பது, தகவல் வராமல் போனால் திரையில் என்ன காட்டுவது என்று யாரோ சிலர் எடுத்த முடிவுகள்தாம் அந்த ஸ்கூட்டரை நிற்கவும் குதிக்கவும் வைக்கின்றன. நிரலின் முதல் வரியை எழுதும் முன்பே, தாளில் வைத்து எடுக்க வேண்டிய முடிவுகள் அவை.

அவற்றை நெருங்கிப் பார்க்க, நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் அடிக்கடி எடுக்கும் ஒரு ப்ராஜெக்டையே எடுத்துக்கொள்வோம்: கல்லூரிப் பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் செயலி. அரைத்த மாவு என்று சிலர் இதை ஒதுக்குவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பொறியாளர் கற்க வேண்டியவற்றில் பெரும்பங்கு இந்த ஒரு தலைப்புக்குள் அடங்கியிருக்கிறது.

ஜீரோத் ரிவியூவில் வரும் பட்டியல்

நான்கு பேர் கொண்ட ஒரு டீமைக் கற்பனை செய்வோம். ப்ராஜெக்டின் தலைப்பை முன்வைக்கும் ஜீரோத் ரிவியூவுக்கு அவர்கள் கொண்டுவரும் ஸ்லைடில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். லாகின் மாட்யூல், அட்மின் மாட்யூல், மேப் மாட்யூல், சாட், ஃபீட்பேக், ஆபத்து நேரத்தில் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான். செயலிக்குள் என்னென்ன இருக்கும் என்பதை இந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது. அதை யார், எங்கே நின்றுகொண்டு, எதற்காகத் திறப்பார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது.

இப்போது ஓர் இடத்தையும் நேரத்தையும் குறிப்போம். கல்லூரி செங்கல்பட்டை ஒட்டி இருக்கிறது. வண்டி தாம்பரத்தில் கிளம்பி, ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் வழியாகப் போகிறது. காலை 6:40. கூடுவாஞ்சேரியில் ஒரு மாணவி வீட்டை விட்டு இறங்குகிறாள். அவள் மனசில் இருப்பது ஒரே கேள்வி: “வண்டி போயிடுச்சா, இனிமேதான் வருதா?” போய்விட்டது என்றால் ஸ்டேஷனுக்கு ஓடி செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். வரவில்லை என்றால் நடந்தே நிறுத்தத்துக்குப் போகலாம். வரைபடத்தில் வண்டி எந்த மரத்தடியில் நிற்கிறது என்பதால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. ஓடுவதா நடப்பதா என்று தெரிந்தால் போதும்.

வேறு ஆட்களும் இருக்கிறார்கள். மாலையில் அவளுடைய அம்மாவுக்கு, “ஏறிட்டாளா?” என்று தெரிய வேண்டும். போக்குவரத்துப் பொறுப்பாளருக்கு, “எந்த வண்டி இன்னும் உள்ளே வரல?” என்று தெரிய வேண்டும். வண்டியை ஓட்டுபவருக்குக் கேள்வி எதுவும் இல்லை. ஓட்டும்போது அவர் போனைத் தொடவே கூடாது என்பதுதான் அவர் பக்கத்திலிருந்து வரும் ஒரே நிபந்தனை. இத்தனை பேருக்கும் ஒரே செமஸ்டரில் பதில் சொல்லப் புறப்பட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்ல முடியாது. நானாக இருந்தால் நிறுத்தத்துக்குப் போகும் மாணவியை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

அவளுடைய கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்: ‘நிறுத்தத்துக்குப் போகும் மாணவர், செயலியைத் திறந்த ஐந்து நொடிக்குள், தன் வண்டி போய்விட்டதா, போகவில்லை என்றால் எத்தனை நிமிடத்தில் வரும் என்பதை, ஏறக்குறைய ஒரு நிமிடப் பிசகுக்குள் தெரிந்துகொள்ள வேண்டும்.’ இதைத் தேவை வாக்கியம் என்று அழைப்போம். சாட் மாட்யூல் இந்த வாக்கியத்துக்கு உதவாது, போகட்டும். ஃபீட்பேக்கும் போகட்டும். அந்த ‘ஒரு நிமிடப் பிசகு’ என்ற சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவை பெரிய வேலை செய்யப்போகின்றன.

கேள்வியைச் சரியாகப் பிடித்தவர்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ செயலியை உருவாக்கியது பெங்களூரைச் சேர்ந்த சிக்மாய்டு லேப்ஸ் என்ற சிறு நிறுவனம். ரயிலுக்குள் இருப்பவருக்கு இணையம் வந்து வந்து போகும். பெட்டிக்குள் செயற்கைக்கோள் சிக்னலும் ஒழுங்காகக் கிடைக்காது. ஆனால் ஏதாவது ஒரு செல்போன் கோபுரத்தின் சிக்னல் அனேகமாக இருக்கும். போன் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்பதை வைத்தே ரயில் எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று அந்தச் செயலி கணித்தது. கோபுரத்தை வைத்துக் கிடைக்கும் இடம் மிகத் துல்லியமானதாக இருக்காது. “என் ஸ்டேஷன் வந்துடுச்சா?” என்று கேட்பவருக்கு அந்தத் துல்லியம் போதும். 2018-இல் கூகுள் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது.

வானத்திலிருந்து கிடைப்பது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பு நம் போனுக்கு வந்துசேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்தத் தாமதத்தை அளந்தால் செயற்கைக்கோளின் தூரம் தெரிந்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும். ஆனால் நம் போனின் கடிகாரம் செயற்கைக்கோளில் இருக்கும் அணுக்கடிகாரம் அளவுக்குச் சுத்தமானது இல்லை. ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்திலேயே 30 செ.மீ. ஓடிவிடும் என்பதால், கடிகாரத்தின் சின்னப் பிசகும் தூரத்தில் கிலோமீட்டர் கணக்கில் தவறைக் கொண்டுவரும். அந்தப் பிசகையும் சேர்த்துக் கண்டுபிடிக்க நான்காவது செயற்கைக்கோள் ஒன்று வேண்டும்.

மறைப்பில்லாத வானத்தின் கீழ் இவ்வளவும் நடந்து, சாதாரண ஸ்மார்ட்போனுக்கு இடம் பொதுவாக 5 மீட்டர் பிசகுக்குள் கிடைக்கிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிசகு கூடும். வரைபடத்தில் வண்டி வீடுகளுக்குள் புகுந்து ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

போனுக்குக் கிடைப்பது இரண்டு எண்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை. அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கி.மீ. ஆகவே புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதினாலே ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறோம். போன் அதற்கு மேலும் பல இலக்கங்களைத் தரும். 5 மீட்டர் பிசகுள்ள அளவுக்கு அந்த இலக்கங்களால் ஒரு பொருளும் இல்லை.

சாலையை ஒரே கோடாக்குதல்

இங்கே டீமுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஸ்கூட்டர் எந்தத் தெருவிலும் திரும்பலாம். கல்லூரிப் பேருந்து அப்படித் திரும்பாது. தினமும் அதே பாதை, அதே நிறுத்தங்கள். ஆகவே இரண்டு எண்களை ஒன்றாக்கிவிடலாம். நெடுஞ்சாலையில் நடப்பட்ட கிலோமீட்டர் கற்களைப்போல, தாம்பரம் 0, கூடுவாஞ்சேரி 12 என்று பாதை முழுவதையும் ஒரே அளவுகோலாக்கிவிட்டால், வண்டியின் இடம் ‘9.5’ என்ற ஓர் எண்ணில் அடங்கிவிடும். போன் தரும் புள்ளி சாலையிலிருந்து சில மீட்டர் பக்கவாட்டில் தள்ளி விழுந்தாலும், அதைப் பாதைக்கோட்டில் மிக அருகில் இருக்கும் புள்ளிக்கு இழுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் ஓடும் வண்டி சாலைக்குத் திரும்பிவிடும்.

வண்டி போய்விட்டதா என்ற கேள்விக்கும் பதில் எளிதாகிறது. வண்டியின் எண் 12-ஐத் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் போய்விட்டது. மாணவிக்கும் வண்டிக்கும் இடையே வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் இது கிடைக்காது. நிறுத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் வரும் வண்டியும், ஒரு கிலோமீட்டர் தாண்டிப் போன வண்டியும் அந்த அளவில் ஒன்றுபோலவே தெரியும்.

நிரலுக்கு முன் ஒரு கணக்கு

இந்த அத்தியாயத்தில் நான் அதிகநேரம் நிற்க விரும்பும் இடம் இது. ரிவியூ அறையில் அழகாக ஓடும் செயலி, கல்லூரி முழுவதும் பயன்படுத்தத் தொடங்கிய காலையிலேயே படுத்துவிடுவது ஏன் என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. தேவைப்படுவது பெருக்கல் மட்டும்.

வண்டியில் இருக்கும் போன் தன் இடத்தை ஒரு வழங்கிக்கு அனுப்புகிறது. வழங்கி என்பது தகவலை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு எடுத்துத் தரும் கணினி. சர்வர் என்போமே, அதுதான். மாணவர்கள் சொந்தமாக வழங்கி வைத்திருப்பதில்லை. கூகுளின் ஃபயர்பேஸ் போன்ற சேவையைக் காசு கட்டாமல் பயன்படுத்துவார்கள். அதிலுள்ள ஃபயர்ஸ்டோர் என்ற தரவுக்கிடங்கு, இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 20,000 எழுதல்களையும் 50,000 வாசிப்புகளையும் அனுமதிக்கிறது. வண்டி ஒருமுறை இடத்தைப் பதிந்தால் ஓர் எழுதல். ஒரு மாணவரின் போனுக்கு அந்தத் தகவல் ஒருமுறை போனால் ஒரு வாசிப்பு.

பெரும்பாலான டீம்கள் 10 நொடிக்கு ஒருமுறை இடத்தை அனுப்பலாம் என்று முடிவெடுக்கும். ஏன் 10 என்று கேட்டால் பதில் இருக்காது. ‘உடனுக்குடன்’ தெரிய வேண்டும் என்ற ஆசைதான். சரி, அதையே வைத்துக்கொள்வோம். பயணம் 90 நிமிடம் என்றால் 540 எழுதல்கள். ரிவியூவில் காட்டுவது ஒரு வண்டி, பார்ப்பது மூன்று நான்கு போன்கள். வரம்பின் அருகில்கூடப் போகவில்லை. எல்லோரும் கைதட்டுவார்கள்.

இப்போது கல்லூரிக்கு 40 வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் மட்டும் 540 × 40, அதாவது 21,600 எழுதல்கள். கடைசி வண்டிகள் கல்லூரி வாசலுக்கு வந்துசேரும் முன்பே அன்றைய வரம்பு தீர்ந்துவிடும். வாசிப்புக் கணக்கு இதைவிட மோசம். வண்டிக்கு 40 பேர் வீதம் 1,600 மாணவர்கள், ஆளுக்கு 15 நிமிடம் செயலியைத் திறந்து வைத்திருந்தால், ஒருவருக்கு 90 வாசிப்பு. மொத்தம் 1,44,000. வரம்போ 50,000. மாலைப் பயணத்தை இன்னும் நாம் எண்ணவே இல்லை.

காசு கட்டிவிடலாமே என்று தோன்றும். அதற்கு முன்னால் சுவரில் ஒட்டிய தேவை வாக்கியத்தை ஒருமுறை பாருங்கள். ‘ஒரு நிமிடப் பிசகுக்குள்’ என்கிறது. வண்டி ஓடும்போது அதன் வேகம் மணிக்கு 30 கி.மீ. என்றால், ஒரு நிமிடத்தில் அது கடப்பது சரியாக 500 மீட்டர். ஆகவே வண்டி 500 மீட்டர் நகர்ந்தால் மட்டும் ஒரு தகவல் அனுப்பினால் போதும். இடையில் அனுப்பும் எதுவும் அந்த மாணவியின் முடிவை மாற்றப்போவதில்லை.

நெரிசலில் வண்டி நின்றுவிட்டால்? நகராத வண்டி தகவலே அனுப்பாது. போன் செத்துவிட்டதா, வண்டி நிற்கிறதா என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஆகவே நிற்கும்போதும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை, ‘இங்கேயேதான் இருக்கிறேன்’ என்று ஒரு தகவல் போகட்டும். இதற்கு உயிர்த்துடிப்பு என்று பெயர் வைப்போம்.

மறுபடி பெருக்குவோம். 30 கி.மீ. பாதையில் வண்டி 60 நிமிடம் ஓடுகிறது, 30 நிமிடம் சிக்னலிலும் நிறுத்தங்களிலும் நிற்கிறது என்று கொண்டால், ஓடும்போது 60 தகவல், நிற்கும்போது 15. மொத்தம் 75. நாற்பது வண்டி, காலையும் மாலையும்: 6,000 எழுதல்கள். வரம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 15 நிமிடம் பார்க்கும் மாணவருக்குச் சராசரியாக 12 அல்லது 13 வாசிப்பு. 1,600 பேருக்கு 20,000. மாலையிலும் அதே அளவு என்றால் 40,000. இதுவும் வரம்புக்குள் அடங்கிவிட்டது.

ஒரு ரூபாய் செலவில்லை, புதிய தொழில்நுட்பம் எதுவும் சேர்க்கவில்லை. கேட்பவருக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முதலில் கேட்டதால் எழுதல்கள் ஏழில் ஒரு பங்காகக் குறைந்தன. போனின் பேட்டரிக்கும் இதனால் நிம்மதி; ஒவ்வொரு முறை தகவல் அனுப்பும்போதும் போனின் ரேடியோ விழித்தெழ வேண்டும், அது மின்சாரம் தின்னும் வேலை.

நிமிடங்களைக் கணிப்பது

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். பள்ளிக்கூடத்துக் கணக்கு. வண்டி சிக்னலில் நிற்கும்போது வேகம் பூஜ்யம். வகுத்தால் முடிவில்லாத நேரம் வரும். சாலை காலியான இடத்தில் வண்டி விரட்டினால், கணக்கு நம்பமுடியாத அளவுக்கு இறங்கும். இந்த நொடியின் வேகத்தை நம்பிச் சொல்லும் நிமிடம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அதே வண்டி, அதே பாதை, அதே காலை நேரம் என்பதுதான் நம் கையிலுள்ள செல்வம். நேற்றும் முந்தாநாளும் வண்டலூரிலிருந்து கூடுவாஞ்சேரிக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று பார்த்தால் போதும். பத்து வேலைநாள் பதிவு இப்படி இருப்பதாகக் கொள்வோம்: 13, 14, 14, 15, 15, 15, 16, 16, 17, 35. கடைசி நாள் நல்ல மழை. சராசரி எடுத்தால் 17 நிமிடம். இந்தப் பத்து நாளில் எட்டு நாள் வண்டி 17-க்கு முன்னாலேயே வந்துவிட்டது! ஒரே ஒரு மழைநாள் சராசரியை மேலே இழுத்துவிட்டது. வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 15. இதை நடுமதிப்பு என்பார்கள். ஒரு மழைக்கு அது அசையாது.

இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் மாணவியின் இடத்தில் நின்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: கணிப்பு எந்தப் பக்கம் தவறினால் அவளுக்கு நஷ்டம்? 15 என்று சொல்லி வண்டி 17-இல் வந்தால், இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்பாள். 15 என்று சொல்லி வண்டி 13-இல் வந்துபோய்விட்டால், அன்றைக்கு முதல் வகுப்பு போயிற்று. இரண்டும் இரண்டு நிமிடத் தவறுதான். ஆனால் விலை வேறு. ஆகவே நடுமதிப்பையும் தள்ளிவிட்டு, பத்தில் ஒன்பது நாள் வண்டி எதற்கு முன்னால் வரவில்லையோ அந்த எண்ணைச் சொல்லலாம். நம் பதிவில் அது 14. சராசரியிலிருந்து 14-க்கு இறங்கும் இந்தப் பயணத்தில் ஒரு சமன்பாடும் இல்லை. யாருக்காகக் கணக்குப் போடுகிறோம் என்ற நினைப்பு மட்டும்தான்.

போன் தூங்கிவிட்டால்

தொடக்கத்தில் பார்த்த, நின்று நின்று குதிக்கும் ஸ்கூட்டருக்கு இப்போது வருவோம். போனில் திறந்திருக்கும் ஒவ்வொரு செயலியும் ஓயாமல் இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்காது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து, திரையில் இல்லாமல் பின்னணியில் கிடக்கும் செயலிக்கு இடத்தகவல் ஒரு மணி நேரத்தில் சில தடவைதான் கிடைக்கும். திரையை அணைத்துப் போனைச் சட்டைப்பையில் போட்டால், 500 மீட்டருக்கு ஒருமுறை என்று நாம் போட்ட திட்டம் அங்கேயே நின்றுவிடும். மறுபடி தகவல் வரும்போது வண்டி மூன்று ஊர் தாண்டியிருக்கும். மாணவியின் திரையில் அது ஒரு குதிப்பாகத் தெரியும்.

இதற்கு ஆண்ட்ராய்டிலேயே நேர்மையான வழி ஒன்று உண்டு. ‘இந்தச் செயலி இப்போது உங்கள் இடத்தைப் பயன்படுத்துகிறது’ என்ற அறிவிப்பைப் போனின் மேல்பட்டையில் காட்டிக்கொண்டே இயங்கும் சேவையாக அதை எழுதினால் தகவல் தடைபடாது. போன் வைத்திருப்பவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை என்பதற்கான உத்தரவாதம் அந்த அறிவிப்பு. சில நிறுவனங்களின் போன்களில் பேட்டரிச் சேமிப்பு அமைப்பு அதையும் நிறுத்திவிடக்கூடும். வண்டியில் வைக்கப்போகும் போனிலேயே சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. டெவலப்பரின் மேசையில் சார்ஜரோடு கிடக்கும் போனில் இந்தச் சிக்கல் தலைகாட்டாது.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒருநாள் தகவல் வராது. போனில் சார்ஜ் இருக்காது, நெட் இருக்காது, ஓட்டுநர் மாற்று ஆளாக இருப்பார். அந்த நாளின் திரையையும் முதலிலேயே வரைய வேண்டும். மிகப் பலர் வரைவதில்லை. கடைசியாக வந்த இடத்தையே இப்போதைய இடம்போலக் காட்டிக்கொண்டிருக்கும் செயலி, தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்கிறது. அதை நம்பி ஒருத்தி மெதுவாக நடந்து வருகிறாள். இதை நான் தொழில்நுட்பக் குறையாகப் பார்க்கவில்லை. நம்பியவரைக் கைவிடுவதாகவே பார்க்கிறேன்.

நம்மிடம் உயிர்த்துடிப்பு இருக்கிறது. ஓடினாலும் நின்றாலும் 2 நிமிடத்துக்குள் ஒரு தகவல் வந்தாக வேண்டும். 3 நிமிடம் மௌனம் என்றால் ஏதோ அறுந்துவிட்டது என்று பொருள். அந்தக் கணத்தில் நிமிடக் கணிப்பைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு இப்படி எழுதலாம்: ‘6:42-க்கு ஊரப்பாக்கத்தில் இருந்தது. அதன்பிறகு தகவல் இல்லை.’ அவள் மீதியைத் தானே முடிவுசெய்துகொள்வாள். தினமும் அந்த வண்டியில் போகிறவள்தானே.

தாளில் ஒரு திரை

1990-களில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர் சட்டைப்பையில் அடங்கும் கணினி ஒன்றை உருவாக்க நினைத்தார். உதிரிபாகம் எதையும் வாங்கும் முன் அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் மரத்துண்டை எடுத்து அதில் எழுதுவதுபோல பாவனை செய்வார். எப்போதெல்லாம் அதை வெளியே எடுக்கத் தோன்றுகிறது, எதற்காக எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. 1996-இல் வெளிவந்த பாம் பைலட் அப்படிப் பிறந்தது.

நம் டீமுக்கு மரம்கூட வேண்டாம். போன் அளவில் வெட்டிய சில தாள்கள் போதும். முதல் தாளில் பெரிய எழுத்தில், ‘இன்னும் 8 நிமிடம்’. அதன் கீழே, ‘வண்டலூர் தாண்டிவிட்டது’. அதற்கும் கீழே சிறிதாக, ‘40 நொடிக்கு முன் வந்த தகவல்’. வரைபடம் வேண்டும் என்பவருக்கு ஓரத்தில் ஒரு பொத்தான். ஒரு கையில் பை, தோளில் லேப்டாப், முகத்தில் காலை வெயில்; கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம். ஆண்ட்ராய்டின் வடிவமைப்பு நெறிகள் தொடும் பொத்தானுக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகல உயரம் கேட்பது இப்படிப்பட்ட விரல்களை நினைத்துத்தான்.

தாளை யாரிடம் காட்டுவது? நிறுத்தத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர்களிடம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: “வண்டி வந்துடுச்சான்னு இதைப் பார்த்துச் சொல்லு.” சொல்லிவிட்டு டீம் வாயைத் திறக்கக் கூடாது; விளக்கம் கொடுக்கக் கூடாது. பயனர்களைக் கவனிக்கும் துறையில் பெயர்பெற்ற யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். ஒருவரை உட்காரவைத்துக் கவனித்தால், இருக்கும் சிக்கல்களில் சராசரியாக 31 சதவீதம் தெரியவரும். அடுத்தவர் பழையவற்றில் சிலவற்றிலேயே மறுபடி தடுக்குவார், புதிதாகவும் சில தெரியும். இப்படியே போனால் ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளிவந்துவிடும். ஆகவே ஐம்பது பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்புவதைவிட, ஐந்து பேருக்கு எதிரே உட்கார்ந்து, அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்ப்பதே மேல். அந்த ஐவரில் டீமின் நண்பர்கள் இருக்கக் கூடாது. முதலாண்டு மாணவர் ஒருவரும், ஆங்கிலத்தைவிடத் தமிழில் வேகமாகப் படிப்பவர் ஒருவரும் இருந்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் செயலி

வண்டியில் வைக்கும் போன் ஓட்டுநருடையது என்றால், அது ஞாயிற்றுக்கிழமையும் அவர் கூடவே போகும். அவர் எந்த மருத்துவமனைக்குப் போனார், எந்த உறவினர் வீட்டில் தங்கினார் என்பதைக் கல்லூரி வழங்கியில் எழுதிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்கு மட்டும், சம்மதத்தோடு தரவைப் பெற வேண்டும் என்ற அடிப்படையில்தான் நிற்கிறது. பயண நேரம் முடிந்ததும் பதிவு தானாக நின்றுவிட வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். முடிந்தால் வண்டிக்கென்றே ஒரு போனை ஒதுக்கி, வண்டியிலேயே சார்ஜில் விட்டுவிடலாம்.

மாணவிகள் தினமும் எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்குத் தனியாக நிற்கிறார்கள் என்பதும் இந்தச் செயலிக்குள் இருக்கும் தகவல்தான். லாகின் மாட்யூல் வேண்டியது இதற்காக. யார் எந்த நிறுத்தத்தைப் பார்க்கிறார் என்பதை வழங்கியில் சேமிக்கவே தேவையில்லை. அது அவரவர் போனில் இருந்தால் போதும்.

எதை முதலில் செய்வது

செமஸ்டர் தொடங்கியதும் பெரும்பாலான டீம்கள் லாகின் திரையில் ஆரம்பிக்கும். அது எளிது, யூடியூபில் பாடம் உண்டு, முதல் ரிவியூவில் காட்ட ஏதாவது கிடைக்கும். வண்டியில் போனை வைத்துப் பார்ப்பது கடைசி மாதத்துக்குத் தள்ளப்படும். அப்போது போன் தூங்கும், நெட் அறுந்துபோகும், பாதையில் பாதிக்குப் பதிவே இருக்காது. திருத்த நேரமும் இருக்காது.

வரிசையைத் திருப்பிப்போட வேண்டும் என்பேன். எது தெரியாதோ, எது காலை வாருமோ, அது முதல் வாரத்தில். திரையே இல்லாத ஒரு சின்ன நிரல், இடத்தையும் நேரத்தையும் போனிலேயே எழுதிவைக்கட்டும். டீமில் ஒருவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் தன் வழக்கமான பேருந்திலேயே போய்வரட்டும். அந்தப் பதிவிலிருந்து பாதைக்கோடு கிடைக்கும், நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆகும் நிமிடங்கள் கிடைக்கும், எந்த இடத்தில் நெட் இல்லை என்பதும் கிடைக்கும். அதே இரண்டு வாரத்தில் மற்றவர்கள் தாள் திரையோடு நிறுத்தங்களில் நிற்கலாம், 40 வண்டிக்கான பெருக்கலைப் போடலாம். மூன்றாம் வாரம் ஒரு வண்டி, ஒரு நிறுத்தம், ஒரு வாக்கியம் காட்டும் செயலி ஓடத் தொடங்கிவிடும். அதன்பிறகு வண்டிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். லாகின் அதற்குப் பிறகு. வெளியாட்களுக்குத் திறக்கும் முன் வந்தால் போதும்.

இறுதி வைவாவில் என்ன காட்டுவது என்பதும் இதிலிருந்தே வந்துவிடும். ஒவ்வொரு காலையும் செயலி சொன்ன நேரம் ஒரு பத்தி, வண்டி உண்மையில் வந்த நேரம் அடுத்த பத்தி, வித்தியாசம் மூன்றாவது பத்தி. மழைநாளில் 20 நிமிடம் பிசகியிருந்தால் அந்த வரியும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும், ஏன் பிசகியது என்ற விளக்கத்தோடு. அடுத்த ஆண்டு இதே தலைப்பை எடுக்கும் டீம் வேலையைத் தொடங்க வேண்டியது அந்த வரியில்.